கேட்காத வீடு

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பிழிந்து, தம்பியின் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பெரியவர் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கை முடிந்துவிட்டது. வலது கைதான் பிடிவாதம் பிடித்தது. உயிரோடு இருந்தபோதும் அந்தக் கை அப்படித்தான். சொன்ன பேச்சுக் கேட்காது.

தம்பியைக் கூடத்து நடுவில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். போட்டிருந்த வெள்ளைச் சட்டை பெரியவருடையது. தம்பியின் அலமாரியில் கறையில்லாத சட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. கொஞ்ச நாளாக அவன் உடுத்தியதெல்லாம் கரையில் பாழாகிப் போயிருந்தது. துவைத்துக் கொடியில் போட்டாலும் வெயில் ஏற ஏற அவற்றிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பும். கஞ்சி போட்ட சட்டையின் கழுத்து அவனுக்கு இறுக்கமாக இருந்தது. மேல் பட்டனை அவிழ்த்துவிடலாமா என்று பெரியவர் ஒரு கணம் யோசித்தார். ஆள் வருகிற நேரம், வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"விடுங்க மாமா" என்றாள் தம்பியின் மனைவி. கட்டிலின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அது இருக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும்."

"என்னத்தைப் பாக்கணும்?"

"எதனால போனாருன்னு."

பெரியவர் துணியை மறுபடி கிண்ணத்தில் தோய்த்தார். இந்த வீட்டு ஆள் அழுக்குக் கையோடு போனான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்வது அவருக்குப் பல வருடப் பழக்கம்.

ஊரில் அந்த வீட்டுக்குக் கேட்காத வீடு என்று பெயர். பெரியவரின் அப்பா காலத்தில் ஒரு புயலில் தெருவே கூரையிழந்து நின்றபோது, உதவிச் சாமான்கள் ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றது. அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்று, "அடுத்த வீட்டுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். மழை நிற்கும்வரை பிள்ளைகள் இருவரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கினார்கள். கேட்டு வாங்காத வீடு என்ற பெருமை அன்றைக்கு வந்தது. சொன்னாலும் கேட்காத வீடு என்று ஊர்க்காரர்கள் அதற்கு இன்னொரு அர்த்தமும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் முதல் அர்த்தத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு கேட்டு ஒரு தடவை கூட வாய் திறந்ததில்லை. அதனால் பதவியும் உயரவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

தம்பி வேறு ரகம். படகு வைத்திருந்தான். கடலுக்குப் போனான், வந்தான், சிரித்தான். வீட்டின் பெயரைச் சொல்லி முதலில் கேலி பேசுகிறவனும் அவனாகத்தான் இருப்பான்.

துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் உரசிக்கொண்ட அன்று, எண்ணெய் எதுவுமே கொட்டவில்லை என்று துறைமுக அலுவலகம் சொன்னது. மறுநாள் லேசான படலம் என்றார்கள். அந்தப் படலம் கரைக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் புதையும் சேறாக இருந்தது. பிறகு அதை யார் அள்ளுவது என்ற பேச்சு தொடங்கியது. தண்ணீர் துறைமுகத்தைச் சேர்ந்தது, மணல் நகராட்சியைச் சேர்ந்தது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அலை நனைக்கிற மணல் யாரைச் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். அதைத் தீர்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். தீராததால் இன்னொரு கூட்டம் போட்டார்கள்.

"அலை வந்தா துறைமுகத்தோடது, அலை போனா நகராட்சியோடது" என்று தம்பி வாசலில் நின்று நடித்துக் காட்டினான். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. "நடுவுல வாளியோட நிக்கிறவன் மட்டும் யாரோடதும் இல்ல."

உறிஞ்சு இயந்திரம் ஒன்று வந்தது. அமைச்சர் வந்து பொத்தானை அழுத்தினார். கேமராக்கள் இருந்தவரை அது உறிஞ்சியது. பிறகு குழாய் அடைத்துக்கொண்டது. அடைத்ததை எடுக்கத் தெரிந்த ஆள் வேறு ஊரில் இருந்தார். அதன் பிறகுதான் வாளிகள் வந்தன.

வாளிகளோடு நகராட்சி உறுப்பினரும் வீடு வீடாக வந்தார். நல்ல மனிதர்தான், பெரியவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கி விசாரிக்கிறவர். அன்று மட்டும் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே பேசினார். வீட்டுக்கு ஒரு ஆள் கரைக்கு வர வேண்டும். கட்டாயம் இல்லை. ஆனால் மறுபடி கடலுக்குப் போக அனுமதி தரும்போது, யார் வீட்டு ஆள் வந்தது, யார் வீட்டு ஆள் வரவில்லை என்று மேலே பார்ப்பார்கள். வராதவர்கள் படகு கரையிலேயே கிடக்க வேண்டியிருக்கும். இதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கள் வாசலில் நின்று ஒருவன் ஆள் கேட்டுப் போவது அதுதான் முதல் தடவை. உறுப்பினர் தெருமுனை திரும்பியதும், போகாதே என்றார் தம்பியிடம். படகு மட்கினாலும் மட்கட்டும், எவனோ ஏவி நீ போக வேண்டாம் என்றார்.

தம்பி ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான். "ஏவி இல்லண்ணே. நானாப் போறேன்னு வெச்சுக்குங்க" என்றான். பிறகு நிமிர்ந்து சிரித்தான். "உங்க மானத்துக்கு."

போனான். தினமும் போனான். தலைக்குள் எஞ்சின் ஓடுகிறது என்று சாயங்காலங்களில் சொல்வான். சாப்பிட உட்கார்ந்து, வாசனை பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்துவான். முகத்துக்குக் கட்டிக்கொள்ள மனைவியின் பழைய துப்பட்டாவைக் கிழித்து எடுத்துப் போனான். இன்று விடிகாலையில் குளியலறைப் படியில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அலைச்சல் நின்றுவிட்டது.

இதயம் நின்றுபோனதுதான் காரணம் என்றார் மருத்துவர். தம்பியின் மகள், இருபது வயது தாண்டியவள், பேச்சில் அப்பாவைக் கொண்டவள், "இதயம் நின்னாத்தானே எல்லாரும் சாகறோம் டாக்டர். ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள். பெரியவர் அவள் தோளைத் தொட்டு, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சுண்டுவிரலின் கறுப்பு போகவில்லை. பெரியவர் துணியை வைத்துவிட்டு, அந்தக் கையின் மேல் மற்ற கையை எடுத்து வைத்து மறைத்தார்.

எதிர்க்கட்சியின் ஊர்ச் செயலாளர்தான் முதலில் வந்தார். பின்னால் நாலைந்து பேர், சுருட்டிய கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு. செயலாளர் கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை, தம்பியும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு பெரியவரைத் தனியே அழைத்து, ஒரு மணி நேரம் போதும், உடலைத் துறைமுக வாசலில் கொண்டுபோய் வைப்போம் என்றார். கரையில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு முறையான ஆட்களையும் முறையான கருவிகளையும் இறக்குகிறோம் என்று எழுத்தில் தரட்டும், அதன் பிறகு எடுக்கலாம். கரையில் இன்னும் எத்தனையோ பேர் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காவது ஆகும்.

தம்பி மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அவரு சொல்றது சரிதானே மாமா" என்றாள். "படகு எங்களதுதான். நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆளுன்னு மறுபடி வந்து நிப்பாங்க. இவ போகணும்." மகளைக் கண்ணால் காட்டினாள்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவில்லை. செயலாளரிடம் சொன்னார். "என் தம்பி கட்சித் தட்டி இல்ல, தூக்கிப் பிடிச்சுக் காட்ட."

செயலாளர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். கொடிகளை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் வெளியே வைத்துவிட்டு வந்து, வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் மற்றவர்களைப் போல உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவருக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை கூட வந்தது.

மதியத்துக்குச் சற்று முன் நகராட்சி உறுப்பினர் வந்தார். கூடவே துறைமுக அதிகாரி ஒருவர், இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். மலர் வளையத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அது கதவுக்குள் நேராக நுழையாமல், சாய்த்து நுழைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு தொலைக்காட்சிக்காரன் கேமராவை நுழைத்துவிட்டான். வளையத்தைத் தம்பியின் கால்மாட்டில் வைத்தார்கள். அதில் துறைமுகத்தின் பெயர் பெரிதாகவும் தம்பியின் பெயர் சிறிதாகவும் இருந்தன.

அதிகாரி பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்க குடும்பத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மேல ஒரு தகவல் அனுப்பணும், அதுக்காக ஒண்ணே ஒண்ணு. தம்பியைக் கரைக்கு வரச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

உறுப்பினர் மலர் வளையத்து நாடாவைச் சரி செய்வதுபோலக் குனிந்தார். அவர் பிடரியில் வியர்வை ஓடுவதைப் பெரியவர் பார்த்தார். சுவரோரம் இருந்த தம்பி மனைவி பாதி எழுந்து நின்றதையும் பார்த்தார்.

ஆனால் அவர் காதில் விழுந்த கேள்வி வேறு. உன் தம்பி எவன் ஏவினாலும் போகிற ஆளா என்று கேட்டதுபோல இருந்தது. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நாற்காலிகளெல்லாம் திரும்பியிருந்தன. அப்பா கதவை மறித்து நின்ற அதே இடத்தில்தான் அவர் நின்றிருந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"யாரும் சொல்லிப் போற வீடு இல்லைங்க இது" என்றார். "என் தம்பி அவனாத்தான் போனான்."

சொன்னபோது தம்பியே பக்கத்தில் நின்று தலையாட்டுவதுபோல இருந்தது. அதிகாரி அவர் கைகளை இன்னும் ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார். உறுப்பினர் நிமிர்ந்து நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டார். அதைத் துக்கத்தின் பெருமூச்சு என்றே பெரியவர் நினைத்தார். வாசலில் செயலாளர் எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

அவர்கள் போன பிறகு தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைப் பாத்திருக்கலாம் மாமா" என்றாள்.

"என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

வெயில் தாழ்ந்தபோது எடுத்தார்கள். இடுகாட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். கரையில் வாளி பிடித்திருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையோரம் வந்து நின்றார்கள். சிலர் முகத்தில் கட்டியிருந்த துணியை மரியாதைக்காக அவிழ்த்தார்கள். யாருடைய கை எது, வாளி எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. ஊர்வலம் தாண்டியதும் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் அள்ளிக் கொட்டிய குழிக்கும் கடலுக்கும் அதிக தூரமில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பி, கால் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. தினமும் வருகிற வண்டிதான், வீட்டுக்கு ஒருவர் என்று தினமும் சொல்வதுதான். இன்று அறிவிப்பு மாறியிருந்தது. யாரும் அழைக்காமல், தானே முன்வந்து, தாய்மண்ணுக்காகத் தன் மூச்சையே தந்த நம் ஊர்ச் செல்வத்தின் வழியில், என்று தொடங்கியது. நடுவே ஒரு கரகரப்பு. பிறகு பெரியவரின் குரலே தெருவில் கேட்டது. என் தம்பி அவனாத்தான் போனான். வீட்டுக்கு ஒருவர். தானாக முன்வருவீர்.

வண்டி தெருக்கோடிவரை போய்த் திரும்பி, மறுபடி வந்தது. பெரியவர் குழாயை மூட மறந்து நின்றார்.

ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார்.

கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். உறுப்பினரும் இளம் அதிகாரியும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். பெரியவரைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றார். அந்தச் சொல் நாக்கில் புரள்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "காலையில நான் சொன்னதை மாத்திக்கணும். அவனாப் போகல. வரச் சொன்னாங்க. வரலன்னா படகு கிடக்கும்னு சொன்னாங்க. அதனால போனான்."

உறுப்பினரைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அளவுக்குத்தான் அவரால் உறுப்பினருக்கு உதவ முடிந்தது.

அதிகாரி வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோதும் பெரியவருக்குத் தோன்றியது. ஐயா சொன்னது அப்போதே மேலே போய்விட்டது என்றார். அமைச்சர் மாலையில் அதைச் சொல்லிப் பேசியும் விட்டார். இப்போது மாற்றிச் சொன்னால் யாரோ தூண்டிவிட்டார்கள் என்றுதான் ஆகும். காலையில் கொடியோடு சிலர் வீட்டுக்கு வந்ததும் மேலே தெரியும்.

"நான் ஒண்ணு கேக்கறேன் ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்றார். "இப்படி மாத்திச் சொல்லச் சொல்லி யாராவது உங்ககிட்டச் சொன்னாங்களா?"

பெரியவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. என்னை யாரும் ஏவ முடியாது, நானாத்தான் சொல்றேன். அதைச் சொன்னால் காலையில் சொன்னதும் அவராகத்தான் சொன்னார் என்று ஆகிவிடும். மூடிக்கொண்டார்.

பிறகு, முகமூடியும் கையுறையுமாவது கொடுக்கலாமே என்றார். அதையும் வாய்விட்டுத்தான் கேட்டார். இரண்டாவது தடவை நாக்கு அவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

அதிகாரி விளக்கினார். பணியாளர் என்றால் முகமூடி, கையுறை, மருத்துவர் எல்லாம் கொடுத்தே தீர வேண்டும், விதி இருக்கிறது. தன்னார்வலருக்கு அப்படி விதி இல்லை. அவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவர வேண்டும். அவர்களைப் பணியாளர் என்று சொல்ல வேண்டுமானால் அழைத்தது யார் என்று சொல்ல வேண்டும். துறைமுகம் அழைக்கவில்லை. நகராட்சி அழைக்கவில்லை. இன்று காலைவரை அதில் ஒரு குழப்பம் இருந்தது, என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி மேசையைப் பார்த்தார்.

உறுப்பினர் சாலைவரை கூட வந்தார். இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று கரையில் வேகமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாளிகள் கை மாறும் சத்தம் கேட்டது.

"நான் உங்க வாசல்ல வந்து நின்னது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றார் உறுப்பினர். "மேலேருந்து சொன்னாங்க, வந்து சொன்னேன். அதை நான் இப்ப வெளிய சொன்னேன்னு வைங்க. யாரும் சொல்லல, அவராத்தான் வீடு வீடாப் போனாருன்னு எனக்கு மேல இருக்கறவர் சொல்லிடுவாரு." பிறகு கரைப் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, மூணாவதா நிக்கிறான் பாருங்க. என் அக்கா பையன். நான்தான் அனுப்பி வெச்சேன்."

பெரியவர் பார்த்தார். மூன்றாவது யார், நான்காவது யார் என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் செயலாளரின் கடைக்கும் போனார். செயலாளர் நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். காலையில் என்றால் கையில் ஒரு பிடி இருந்தது, இப்போது அண்ணன் வாயாலேயே சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது, இதற்கு மேல் என்ன செய்ய என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ரேடியோவில் மழை வரும் என்று சொன்னதைச் சொல்வதுபோலச் சொன்னார். தேநீர் ஆறும்வரை பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் கட்டிலை மடக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள். மலர் வளையம் கூடத்திலேயே கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி மனைவி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கூடாரத்துக்குப் போய் வந்ததை அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் வெளியிலிருந்து வந்தவள். இத்தனை வருடத்தில் அவளும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது தன் வலது கைப் பெருவிரலின் நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருப்பதைப் பெரியவர் பார்த்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து இடது கையால் தட்டை நகர்த்தி வைத்தார்.

காலையில் அவர் இறங்கி வந்தபோது தம்பி மகள் வாசல் படியில் உட்கார்ந்து அப்பாவின் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி இருந்தது. தலைமுடியைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தாள். அவள் அம்மா உள்ளே அடுப்படியில் ஏதோ பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் வெகு நேரமாக ஒரே பாத்திரமாக இருந்தது.

"நேத்துத்தான் எடுத்திருக்கோம்" என்றார் பெரியவர்.

"இன்னைக்கும் பாப்பாங்க பெரியப்பா. யார் வீட்டு ஆளு வந்ததுன்னு."

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றாள். "நானாத்தான் போறேன்."

குத்திக் காட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் அதட்டியிருக்கலாம். அவள் குனிந்து காலணிக்குள் காலை நுழைப்பதில் கவனமாக இருந்தாள்.

"நீ இரு. நான் போறேன்."

"வயசானவங்க வேண்டாம்னு நேத்து சாயங்காலமே சொல்லிட்டாங்க. அப்பா போனதுல அது ஒண்ணுதான் மாறியிருக்கு."

எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்தாள். காலணி அவள் காலைவிடப் பெரிது; குதிகால் உள்ளே வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் டப் டப்பென்று அடித்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது இதே வாசலில் இதே சத்தத்தோடு அவள் நடந்து காட்ட, தம்பி கை தட்டிச் சிரித்ததுண்டு. எண்ணெய்ச் சேற்றில் இந்தக் காலணியோடு நடக்க முடியாது. ஒரு கால் புதைந்தால் காலணி அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும்.

"உக்காரு" என்றார் பெரியவர்.

அவள் படியில் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். முதுகு வளைய நேரம் எடுத்துக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். வலது காலணியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, பிறகு இன்னும் ஒரு மடிப்பு மடித்து, காலணியின் முனையில் திணித்து விரலால் அழுத்தினார். அவள் காலைப் பிடித்து உள்ளே விட்டார்.

"இப்ப சரியா இருக்கா?"

அவள் காலை ஊன்றிப் பார்த்தாள். "இருக்கு பெரியப்பா."

இடது காலணியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப்பையைத் தடவினார். இன்னொரு கைக்குட்டை இல்லை. தெருக்கோடியில் ஒலிபெருக்கி வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் மறுபடியும் பையைத் தடவிப் பார்த்தார்.